நியூ ஆர்லியன்ஸில் ஐந்து நாள்



1825 ஏப்ரல் 10. மிசிசிப்பியின் முகத்துவாரத்திலிருந்து ‘நாட்செஸ்’ என்ற நீராவிப் படகு ஆற்றில் மேலேறி வருகிறது. நல்ல மழை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குச் சற்றுக் கீழே சால்மெட் என்ற இடத்தில், ஆற்றங்கரையில் மக்கள் நனைந்துகொண்டே நிற்கிறார்கள். படகில் வருகிறவருக்கு வயது 67. தொடையெலும்பு முறிந்து, இருபது ஆண்டுக்கு மேலாகக் கைத்தடி ஊன்றி நடக்கிறவர். படகு கரையை அணைந்ததும் எழுந்த வாழ்த்தொலி பிரெஞ்சில் இருந்தது. அமெரிக்காவில் அவருடைய சுற்றுப்பயணம் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நகரமே திரண்டு அவருடைய தாய்மொழியில் அவரை வரவேற்றது இங்கேதான்.

அவர்தான் லஃபாயெட். அமெரிக்க விடுதலைப் போரின் வீரர். ஏப்ரல் 10 முதல் 15 வரை அந்த நகரத்தில் தங்கினார். அந்த நாட்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். வரவேற்பின் விமரிசையைச் சொல்லிவிட்டு அமர்வது என் நோக்கமன்று. ஒரு நகரம் வீரன் ஒருவனைக் கொண்டாடும்போது, அவனுக்கு முன்னால் யாரையெல்லாம் கொண்டுபோய் நிறுத்துகிறது, யாரை நிறுத்தாமல் விடுகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த நாட்களில் ஒரு நாள், ஒரு சிறு கூட்டம் அவரைப் பார்க்க வந்தது. ஊர்வலத்தைவிட, தோரண வாயிலைவிட, அந்தச் சிறு கூட்டம் பெரியது என்று நான் நினைக்கிறேன். அங்கே போய்ச் சேருவதற்குச் சில செய்திகளைக் கடந்துதான் போகவேண்டும்.

முதலில் ஆள் யார் என்பதைப் பார்ப்போம். 1757-இல் பிரான்ஸின் ஒவெர்ன் பகுதியில், சாவன்யாக் கோட்டையில் பிறந்தவர். இரண்டு வயது நிறைவதற்குள் தந்தை மின்டென் போர்க்களத்தில் மாண்டார். பெரும் செல்வத்துக்கு வாரிசு. பதினாறு வயதில் அத்ரியேன் தெ நொவாய் என்ற பெண்ணை மணந்தார். நாட்டின் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர் அவர். பத்தொன்பது வயதில் சொந்தப் பணத்தில் கப்பல் வாங்கி, அரசனின் விருப்பத்துக்கு மாறாக, 1777 ஜூனில் தென் கரோலினாக் கரையில் இறங்கினார். காங்கிரஸ் அவருக்கு மேஜர் ஜெனரல் பதவி தந்தது. சம்பளம் வேண்டாம் என்றார். அந்த ஆண்டு செப்டம்பரில் பிராண்டிவைன் போரில் காலில் குண்டு பாய்ந்தது. வேலி ஃபோர்ஜ் முகாமின் கொடுங்குளிரை மற்றவர்களோடு சேர்ந்து தாங்கினார். பிள்ளையில்லாத வாஷிங்டனுக்கு அவர் பிள்ளை போல ஆனார். பின்னாளில் தம் மகனுக்கு ஜார்ஜ் வாஷிங்டன் என்றே பெயர் வைத்தார். 1781-இல் யார்க்டவுனில் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தபோது அவரை வளைத்து நின்றவர்களில் இவரும் ஒருவர்.

கார்ன்வாலிஸ் என்ற பெயர் நமக்குப் பழக்கமானதுதான். அங்கே தோற்றவர் இங்கே வந்து திப்பு சுல்தானை வென்றார். அமெரிக்க விடுதலைப் போருக்கும் நம் கரைக்கும் இன்னும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிரான்ஸ் அமெரிக்காவோடு கைகோத்ததால்தான் 1778-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே சூஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதிக்கொண்டன. தரையிலும் கடலூர் முற்றுகை நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் சமாதானம் கையெழுத்தாகி ஐந்து மாதம் கடந்துவிட்டது என்ற செய்தி அதற்குப் பிறகுதான் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. லஃபாயெட் பதின்பருவத்தில் போய்ச் சேர்ந்த போரின் கடைசிப் பெரிய மோதல் கடலூரில் நடந்தது. பென்சில்வேனியா மாநிலம் 1782-இல் ஒரு போர்க்கப்பலுக்கு ஹைதர் அலியின் பெயரைச் சூட்டியிருந்தது. அந்தக் கப்பல் டெலவேர் விரிகுடாவில் ஆங்கிலக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றவும் செய்தது. நமக்கு எட்டாத் தொலைவில் உள்ள ஒரு வீரனின் கதை என்று இதை யாரும் எண்ணவேண்டாம்.

போருக்குப் பிறகு அவர் வாழ்க்கை ஏறியும் இறங்கியும் போயிற்று. பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தில் தேசியக் காவல்படைக்குத் தலைவர். மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவுகளில் ஒன்றைத் தந்தவர். 1792-இல் புரட்சி அவரையே துரோகி என்றது. எல்லை தாண்டியதும் எதிரிகளிடம் பிடிபட்டு, பிரஷ்யாவிலும் பிறகு ஆஸ்திரியாவின் ஓல்மூட்ஸ் சிறையிலுமாக ஐந்து ஆண்டு அடைபட்டார். அத்ரியேனின் பாட்டி, தாய், தமக்கை மூவரும் பாரிஸில் கில்லட்டினுக்குப் பலியானார்கள். தாம் உயிர் தப்பியதும் அத்ரியேன் அம்மையார் இரண்டு பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய், கணவரின் சிறையிலேயே தம்மையும் அடைக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே கெட்ட உடல்நிலை பிறகு தேறவேயில்லை. 1807-இல் இறந்தார். லஃபாயெட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அம்மையாரை ஒரு வரியில் முடித்துவிடுவதை நான் பல நூல்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

1824-க்கு வருவோம். அப்போது லஃபாயெட் தோற்ற அரசியல்வாதி. பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் இடம் இழந்துவிட்டார். செல்வத்தின் பெரும்பகுதியைப் புரட்சி தின்றுவிட்டது. மன்னராட்சி அவரைச் சந்தேகத்தோடு பார்த்தது. அந்த நேரத்தில்தான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மன்ரோ காங்கிரஸின் தீர்மானத்தோடு அவரை அழைத்தார். அரசாங்கப் போர்க்கப்பல் வேண்டாம் என்று சொல்லி, ‘காட்மஸ்’ என்ற வணிகக் கப்பலில் ஏறி, ஆகஸ்டு 15-ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தார். மகன் ஜார்ஜும், செயலர் லெவஸ்ஸேரும், பணியாள் ஒருவரும் உடன்வந்தார்கள். அந்த லெவஸ்ஸேர் எழுதி 1829-இல் பாரிஸில் வெளியிட்ட பயணக் குறிப்புகள்தான் நமக்கு முதன்மையான சாட்சி.

சில மாதம் தங்குவதாக வந்தவர் ஓராண்டுக்கு மேல் தங்கி, அன்றிருந்த 24 மாநிலங்களையும் பார்த்தார். வாஷிங்டன் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. விடுதலைப் படையின் மேஜர் ஜெனரல்களில் உயிரோடு எஞ்சியவர் இவர் ஒருவரே. அந்த ஆண்டுதான் குடியரசுத் தலைவர் தேர்தல் நான்கு முனைப் போட்டியாகி, எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், மக்கள் பிரதிநிதிகள் சபை முடிவுசெய்யும் நிலைக்குப் போயிற்று. ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்த நாட்டுக்கு, எல்லோரும் சேர்ந்து கைதட்டக்கூடிய ஒரே மனிதர் அப்போது கிடைத்தார். காங்கிரஸ் அவருக்கு 2 லட்சம் டாலரும் ஃபுளோரிடாவில் நிலமும் தந்தது. கடனில் இருந்தவருக்கு அது பேருதவி.

இனி நியூ ஆர்லியன்ஸ். இந்த ஊர் பாஸ்டன் போன்றதன்று, ஃபிலடெல்ஃபியா போன்றதும் அன்று. விடுதலைப் போர் நடந்தபோது இது அமெரிக்க நகரமே இல்லை. 1718-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆற்றின் வளைவில், சதுப்பு நிலத்தில் எழுப்பிய ஊர். பிறகு ஸ்பெயினின் கைக்குப் போயிற்று. ஸ்பானிய ஆளுநர் கால்வெஸ், ஆங்கிலேயருக்கு எதிராகப் பேட்டன் ரூஜ், மொபீல், பென்சகோலா என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனபோது, அவர் படையில் கறுப்பர்களும் இருந்தார்கள். இந்த ஊர் அடங்கிய லூசியானா மீண்டும் பிரான்ஸின் கைக்கு வந்த பின், 1803-இல் நெப்போலியன் அதை முழுவதும் அமெரிக்காவுக்கு 1.5 கோடி டாலருக்கு விற்றார். அந்த ஆண்டு டிசம்பர் 20-இல் கபில்டோ என்ற நகரசபை மாளிகையில் கைமாற்றம் நடந்தது.

லஃபாயெட்டுக்கும் இந்த மண்ணுக்கும் அப்போதே ஒட்டுறவு வந்துவிட்டது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெஃபர்ஸன் அவரை லூசியானாவின் ஆளுநராக வரும்படி அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். காங்கிரஸ் அவருக்கு 11,520 ஏக்கர் தருவதாகத் தீர்மானித்தது. அது லூசியானாவில் ஒதுக்கப்பட்டது. தாம் பார்த்தேயிராத அந்த நிலத்தைக் கடனுக்காக விற்றுவிட்டார். ஆக, 1825-இல் அவர் ‘திரும்பி’ வந்தது அமெரிக்காவுக்குத்தான்; இந்த ஊரில் காலடி வைப்பது முதல்முறை. ஆனால் ஊர் மக்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் மொழி பேசுகிற, தங்கள் பழைய நாட்டிலிருந்து வந்த, தங்கள் புதிய நாட்டின் வீரர் அவர். பிரெஞ்சு பேசும் கிரியோல் குடும்பங்களும் வடக்கிலிருந்து வந்து குவிந்த ஆங்கிலம் பேசும் வணிகர்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த ஊரில், இரு தரப்பாரும் எங்களவர் என்று சொல்ல முடிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

அதற்குத் தகுந்த ஏற்பாடு. வரவேற்புக்காக மாநிலச் சட்டமன்றம் 15,000 டாலர் ஒதுக்கியது. படகு முதலில் சால்மெட்டில் நின்றது. பத்தாண்டுக்கு முன், 1815 ஜனவரி 8-இல், ஆண்ட்ரூ ஜாக்சன் ஆங்கிலப் படையை முறியடித்த களம் அது. அங்கே ஆளுநர் ஹென்றி ஜான்சன் வரவேற்றார். மழையிலேயே ஊர்வலம் நகரத்துக்குள் போயிற்று. மாதா கோயிலுக்கு எதிரே உள்ள பிளாஸ் தாம் என்ற பெரிய சதுக்கத்தில் வெற்றி வாயில் ஒன்று நின்றது. உயரம் 68 அடி, அகலம் 58 அடி. வடிவமைத்தவர் நகர நிலஅளவையாளர் பில்யே. வண்ணம் தீட்டியவர் நாடக மேடைக்குத் திரைச்சீலை எழுதும் ஃபொல்யார்தி. மரத்தால் கட்டிப் பளிங்கு போல வண்ணம் பூசிய வாயில் அது. நம் ஊரில் தலைவர்கள் வரும்போது மூங்கில் கட்டித் தட்டி வைத்துக் கோட்டை வாசல் போல நிறுத்துவோமே, அதே கைவேலைதான். நீதியும் விடுதலையும் இரு பெண்ணுருவங்களாக அதன் அடியில் நின்றார்கள். பத்தாண்டுக்கு முன் ஜாக்சனுக்கும் இதே சதுக்கத்தில்தான் வாயில் கட்டினார்கள்.

மேயர் ரொஃபின்யாக் பிரான்ஸில் பிறந்த பிரபு வம்சத்தவர். அவர் விருந்தினரைத் தங்கவைத்த இடம் கபில்டோ. 1803-இல் பிரான்ஸ் லூசியானாவைக் கைகழுவிய அதே கட்டடம். அதைப் புதுக்கி, அறைகளை அலங்கரித்து, ‘லஃபாயெட் இல்லம்’ என்று பெயரிட்டார்கள். லஃபாயெட் மாடத்துக்கு வந்து தலைகாட்டியபோதெல்லாம் கீழே ஆரவாரம். வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், படை அதிகாரிகள், பள்ளிப் பிள்ளைகள் என்று நாள் முழுவதும் காண வருகிறவர்கள். ஊரே ‘பேர் அந்த்வான்’ என்று கொண்டாடிய கப்புச்சின் துறவியும் வந்து அவரைத் தழுவிக்கொண்டார். ஸ்பெயினில் பிறந்த முதிய பாதிரியார். ஒரு காலத்தில் சமய விசாரணை மன்றத்தின் ஆளாக இந்த ஊருக்கு வந்தவர். மனித உரிமைப் பிரகடனத்துக்கு வரைவு எழுதிய கையை அவர் பற்றிக்கொண்டார் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

நாடகக் கொட்டகைகளும் விடவில்லை. ஊரில் பிரெஞ்சு நாடக அரங்கு ஒன்று, ஆங்கில நாடக அரங்கு ஒன்று. இரண்டும் முதல் மாலை தங்களுக்கே வேண்டும் என்று ஆளனுப்பின. எதற்கு முதலில் போனாலும் மற்றது மனம் நோகும். லஃபாயெட் சீட்டுப் போடச் சொன்னார். சீட்டு ஆங்கில அரங்குக்கு விழுந்தது. அங்கே சிறிது நேரம் இருந்துவிட்டு, எழுந்து பிரெஞ்சு அரங்குக்கும் போனார். அறுபத்தேழு வயதில், கைத்தடியோடு, இரண்டு கொட்டகை. அந்த ஊரின் பிளவைச் சட்டென்று புரிந்துகொண்ட விருந்தினர் அவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்த சிறு கூட்டத்துக்கு இப்போது வருகிறேன்.

நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர், அடிமைகள் என்ற இரண்டு வகுப்பு மட்டும் இல்லை. நடுவே மூன்றாவதாக ஒரு வகுப்பு இருந்தது: அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினத்தார், கலப்பினத்தார். தச்சர், கொத்தனார், தையற்காரர், செருப்புத் தைப்பவர், சிறு வணிகர் என்று சொந்தத் தொழிலும் சொந்த வீடும் உள்ள மக்கள். பிரெஞ்சு பேசினார்கள், கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனார்கள். ஹெய்ட்டியில் அடிமைகள் எழுந்து விடுதலை பெற்றபோது அங்கிருந்து கியூபாவுக்கு ஓடியவர்கள், 1809-இல் கியூபாவும் துரத்தியதால் 9,000 பேருக்கு மேல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளையர், ஒரு பங்கு சுதந்திரக் கறுப்பினத்தார், ஒரு பங்கு அடிமைகள். ஊரின் அளவே ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது.

1814-இல் ஆங்கிலப் படை வரும் என்று தெரிந்ததும் ஜாக்சனுக்கு ஆள் தேவைப்பட்டது. செப்டம்பர் 21-இல் சுதந்திரக் கறுப்பினத்தாருக்கு ஓர் அறிக்கை விடுத்தார். படையில் சேர்ந்தால் வெள்ளைச் சிப்பாய்க்குத் தருகிற அதே 124 டாலர், அதே 160 ஏக்கர் நிலம். அவர்கள் வந்தார்கள். இரண்டு பட்டாளங்களாகச் சால்மெட் வரிசையில் நின்று சுட்டார்கள். ஹெய்ட்டியிலிருந்து வந்த ஜோசஃப் சவாரி அவர்களில் பெயர்பெற்ற வீரர். முரசு கொட்டிய ஜோர்டன் நோபிள் ஓர் அடிமைச் சிறுவன்.

போர் முடிந்தது. ஆயுதம் ஏந்திய கறுப்பர்கள் ஊருக்குள் நடமாடுவதை வெள்ளைக் குடும்பங்கள் அஞ்சின. ஊருக்கு வெளியே போய் அரண் திருத்தும் வேலை செய்யுமாறு அவர்களுக்கு ஆணை வந்தது. தம் ஆட்கள் மானத்தோடு நிற்பவர்கள், அந்த வேலைக்குப் போகமாட்டார்கள் என்று சவாரி மறுத்தார். வாக்குறுதி தந்தபோது இருந்த சமத்துவம் வெற்றிக்கு அடுத்த மாதமே கரையத் தொடங்கிவிட்டது.

அப்படிப்பட்டவர்கள்தான் 1825 ஏப்ரலில் கபில்டோவின் படியேறி லஃபாயெட்டைக் காண வந்தார்கள். 1815-இல் இந்த ஊரைக் காத்தவர்கள் நாங்கள் என்ற முறையில் தூதுக்குழுவாக வந்தார்கள். லஃபாயெட் அவர்களை அன்போடும் மதிப்போடும் வரவேற்றார் என்று லெவஸ்ஸேர் எழுதுகிறார். விடுதலைப் போரில் ஆப்பிரிக்க இரத்தம் நம் அணிகளில் பெருமையோடு சிந்தியதைத் தாம் பலமுறை கண்டதுண்டு என்ற கருத்தில் பேசினார். ஒவ்வொருவர் கையையும் பற்றிக் குலுக்கினார்.

இதை நாம் சாதாரண உபசாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஊரில், அந்த ஆண்டில், அந்தக் கட்டடத்தில் இது நடந்தது. மாநிலம் கொடுத்த பணத்தில் மாநிலத்தின் விருந்தினராகத் தங்கியிருந்தவர் இதைச் செய்தார். அவருடைய கையைவிட நான் பெரிதாக மதிப்பது அவர்களுடைய கால்களை. பத்தாண்டாகத் தங்களை ஓரங்கட்டிய நகரத்தின் அரசவை போன்ற மாளிகைக்குள், உடை திருத்திக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போனார்கள். அவர்கள் எதையும் யாசிக்கவில்லை. நாங்களும் வீரர்கள், வீரரைக் காண வந்திருக்கிறோம் என்று சொல்லாமல் சொன்னார்கள். விடுதலை வீரனைக் கொண்டாடுவதாகச் சொல்லும் ஊர் எந்த முகத்தோடு அவர்களை வாசலில் தடுக்கும்? அந்தச் சந்தர்ப்பத்தின் பொருளை மேயரைவிட, ஆளுநரைவிட அவர்கள் கூர்மையாகப் படித்திருந்தார்கள்.

அடிமைகளாகிய இன்னொரு கூட்டமும் உண்டு. அது அந்த அறைக்குள் வரவில்லை. 1808 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது சட்டப்படி நின்றுவிட்டது. ஆனால் வர்ஜீனியாவிலிருந்தும் மேரிலாந்திலிருந்தும் கப்பல் கப்பலாக மனிதர்களை ஏற்றிவந்து இதே ஆற்றங்கரையில் விற்றார்கள். கரும்பு வயலும் பருத்தி வயலும் அவர்களை விழுங்கின. 1811 ஜனவரியில், நகரத்துக்கு மேலே ஆற்றங்கரைக் கரும்புத் தோட்டங்களில் சார்ல் தெலோன்ட் என்பவர் தலைமையில் அடிமைகள் திரண்டு நகரத்தை நோக்கி நடந்தார்கள். அவர்களைச் சுட்டும் வெட்டியும் கொன்று, தலைகளைக் கழிகளில் செருகி ஆற்றங்கரை நெடுக நட்டுவைத்தார்கள். லஃபாயெட்டின் படகு ஏப்ரல் 15-இல் நகரத்தை விட்டு மேலேறியபோது கடந்துபோனது அந்தக் கரையைத்தான். கழிகள் நட்டு அப்போது பதினான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது.

லஃபாயெட் இதில் எங்கே நிற்கிறார்? அவர் அடிமைமுறையை உள்ளத்தால் வெறுத்தவர். இதில் எனக்குச் சந்தேகமில்லை. 1783-இலேயே வாஷிங்டனுக்கு எழுதினார்: நாமிருவரும் சேர்ந்து ஒரு சிறு தோட்டம் வாங்கி, அடிமைகளைக் குத்தகைக் குடிகளாக்கிப் பார்ப்போம் என்று. வாஷிங்டன் பாராட்டினார், கூட்டுச் சேரவில்லை. லஃபாயெட் தாமே பிரெஞ்சு கயானாவில் தோட்டம் வாங்கினார். அங்கே இருந்தவர்களை விற்பதைத் தடுத்தார், கூலி கொடுக்க வைத்தார், பள்ளிக்கூடம் வைத்தார். அந்த வேலையின் பெரும்பகுதியைச் சுமந்தது அத்ரியேன் அம்மையார். 1792-இல் புரட்சி அரசு லஃபாயெட்டின் சொத்துகளைப் பறிமுதல் செய்ததும் அந்த முயற்சி சிதறியது. அவர் விடுவிக்க நினைத்தவர்கள் விற்கப்பட்டார்கள்.

இந்தப் பயணத்திலும் நியூயார்க்கில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போனார். அங்கே அவருக்கு வரவேற்புரை சொன்ன பதினோரு வயதுப் பையன் ஜேம்ஸ் மக்கூன் ஸ்மித். அந்தப் பையன் பின்னாளில் கிளாஸ்கோவில் மருத்துவப் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கறுப்பினத்தாரில் அப்பட்டம் பெற்ற முதல்வர். ரிச்மண்டில் ஒருவரைக் கூட்டத்தில் அடையாளம் கண்டு லஃபாயெட் கட்டித்தழுவியதாகச் சொல்வார்கள். 1781-இல் அவருக்காக ஆங்கில முகாமுக்குள் புகுந்து உளவு பார்த்த ஜேம்ஸ் ஆர்மிஸ்டெட் அவர். உளவு பார்த்தபோது அடிமை. நாடு விடுதலை பெற்ற பிறகும் அடிமை. லஃபாயெட் எழுதித் தந்த நற்சான்றையும் காட்டி மனுச் செய்து, 1787-இல்தான் விடுதலை பெற்றார். அன்று முதல் தம் பெயரோடு லஃபாயெட் என்பதைச் சேர்த்துக்கொண்டார்.

இத்தனையும் செய்தவர், அடிமைச் சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில் அத்தனை நாள் தங்கி, ஆயிரக்கணக்கானோர் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற சதுக்கத்தில், அடிமைமுறையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஜெஃபர்ஸனின் வீட்டில் தனியே பேசும்போது வற்புறுத்தியிருக்கிறார். வண்டியோட்டிய இஸ்ரேல் என்ற அடிமை காதில் விழுந்ததை நினைவில் வைத்திருந்து, பல பத்தாண்டு கழித்துச் சொல்லியிருக்கிறார். மேடையில் மட்டும் வாய் திறக்கவில்லை. விருந்தினர் வீட்டுக்காரரைக் குறைசொல்லலாகாது, பிளவுபட்ட நாட்டை மேலும் பிளக்கலாகாது என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏற்க மனம் வரவில்லை. அன்று அமெரிக்காவில் அவர் எதைச் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட செவிகள் அதற்கு முன்னும் பின்னும் எந்த அயல்நாட்டாருக்கும் வாய்க்கவில்லை. நான் நேசிக்கிற வீரர் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படகு பேட்டன் ரூஜ், நாட்செஸ் ஊர்களில் நின்று, இரண்டு வாரத்தில் செயின்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தது. நீராவி வருவதற்கு முன் துடுப்பும் கழியும் கயிறுமாக ஆற்றை எதிர்த்து ஏறி அந்தத் தொலைவைக் கடக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். முதல் நீராவிப் படகு நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தது 1812-இல்தான். இந்தக் கிழவர் இருபத்து நான்கு மாநிலமும் பார்த்தது அந்த இயந்திரத்தின் புண்ணியம். மே மாதம் ஒஹாயோ ஆற்றில் அவர் போன ‘மெக்கானிக்’ என்ற படகு நள்ளிரவில் எதிலோ மோதி மூழ்கிற்று. ஆள் பிழைத்தார்; வண்டியும் கடிதக் கட்டுகளும் ஆற்றோடு போயின. செப்டம்பரில், அவர் காயம்பட்ட போர்க்களத்தின் பெயர் தாங்கிய ‘பிராண்டிவைன்’ கப்பலில் நாடு திரும்பினார். 1834-இல் இறந்தார்.

நியூ ஆர்லியன்ஸில் அவர் பெயர் ஒரு சதுக்கத்துக்கு வந்தது. நகரத்துக்கு மேலே ஆற்றோரப் புறநகர் ஒன்றும் அவர் பெயர் பூண்டு, 1852-இல் நகரத்தோடு இணைந்தது. ஊரின் நினைவு பெயர்ப்பலகை வரைக்கும் நன்றாகவே வேலை செய்தது.

அவர் கையைப் பற்றியவர்களுக்கு என்ன நடந்தது? ஐந்தே ஆண்டில், 1830 மார்ச்சில், லூசியானாச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1825 ஜனவரி 1-க்குப் பிறகு மாநிலத்துக்குள் வந்த சுதந்திரக் கறுப்பினத்தார் 60 நாளில் வெளியேறவேண்டும். அடிமைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது அதே ஆண்டு குற்றமாயிற்று. வெற்றி வாயிலில் நீதிக்கும் விடுதலைக்கும் உருவம் எழுப்பிய அதே ஆண்டை, கறுப்பினத்தாருக்குக் கதவடைக்கும் எல்லைக்கோடாக வைத்தார்கள். 1834-இல் அவர்களுடைய பட்டாளமும் கலைந்தது. ஜனவரி 8 வெற்றி விழா ஆண்டுதோறும் நடந்தது. முதிய கறுப்பின வீரர்களுக்கு ஊர்வலத்தில் இடம் கிடைத்தது 1851-இல். முரசு கொட்டிய ஜோர்டன் நோபிள் பின்னாளில் விடுதலை பெற்று, முதுமை வரைக்கும் விழாக்களில் அந்த முரசைக் கொட்டினார்.

ஆனால் படியேறிப் போகும் பழக்கத்தை அந்த மக்கள் விடவில்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-இல், நியூ ஆர்லியன்ஸின் சுதந்திரக் கறுப்பினத்தார் வாக்குரிமை கேட்டு ஒரு மனு எழுதினார்கள். ஆயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களில் 27 பேர் 1815-இல் ஜாக்சனின் கீழ்ப் போரிட்ட கிழவர்கள். ஜான் பாப்டிஸ்ட் ரூதனே, அர்னால் பெர்த்தொனோ என்ற இருவர் அதை வாஷிங்டனுக்கு எடுத்துக்கொண்டு போய், மார்ச் 12-ஆம் நாள் லிங்கனிடம் நேரில் கொடுத்தார்கள். மறுநாள் லிங்கன் லூசியானாவின் ஆளுநர் மைக்கேல் ஹானுக்குத் தனிக் கடிதம் எழுதினார்: கறுப்பினத்தாரில் சிலருக்காவது, குறிப்பாக நம் படையில் வீரத்தோடு போரிட்டவர்களுக்கு, வாக்குரிமை தரலாகாதா என்று. ஹானும் மாநிலத்தின் அரசியல் சட்ட மாநாட்டாரும் அந்த ஆண்டு அதைத் தரவில்லை. 1868-இல் லூசியானாவின் புதிய அரசியல் சட்டம் தந்தது. அந்தச் சட்டத்தை எழுதிய மாநாட்டு உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பினத்தார்.